மருந்தடிக்காத பூக்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாமாவின் முதுகுவலி தேவலையா? எட்டு மாதம் கழித்து எழுதுகிறவள், தாமதத்துக்கு மன்னித்துவிடு என்று ஆரம்பித்தால் எனக்கே கூசுகிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். பாப்பா மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய், மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டேன். நான் திருந்தவில்லை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்.

ஒரு சேதி. நான் பூ வளர்க்கிறேன். சிரிக்காதே. கற்றாழைக்கே தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுகவைத்தவள்தான், ஒப்புக்கொள்கிறேன். பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்பது தொட்டி. ஜினியா, காஸ்மோஸ், குட்டை ரகச் சூரியகாந்தி. எல்லாமே வெட்டிச் சாப்பாட்டு மேசையில் வைப்பதற்கு. முளை விட்டதா, விட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்ததில் முதலில் போட்ட விதை ஒன்றுகூட வரவில்லை. விதைக்கும் மூச்சு பார்க்கிறாயா என்று இவர் கேலி செய்தார். செடி சாண் உயரம் வந்ததும் நடுநுனியைக் கிள்ள வேண்டுமாமே, அப்போதுதான் பக்கத்தில் கிளைத்து நிறையக் காம்பு கொடுக்குமாம். நாலு நாள் கத்தரியும் கையுமாக நின்றேன். ஐந்தாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிள்ளினேன்.

முதல் தடவை உச்சிவெயிலில் வெட்டினேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் கழுத்து தொங்கிவிட்டது. அடுத்த தடவை, தண்ணீருக்குள் இருக்கும் இலைகளை உருவ வேண்டும் என்பது தெரியாமல் அப்படியே வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மேசைப் பக்கம் போக முடியவில்லை, அப்படியொரு நாற்றம். போன வாரம்தான் கொஞ்சம் உருப்படியாக வந்தது. காலையில் வெயில் ஏறுமுன் ஒவ்வொரு காம்பாக ஆட்டிப் பார்த்து, தலை தள்ளாடாததை மட்டும் சாய்வாக வெட்டினேன். அகலக் கிண்ணத்துக்குள் கம்பி வலையைச் சுருட்டி அமுக்கி, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தை மறைக்காத உயரத்துக்குச் செருகினேன். சாப்பிட வந்த இவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க அக்கா வெச்ச மாதிரியே இருக்கு" என்றார். 

விதை ஏது என்று கேட்பாய். நீ கொடுத்ததுதான்.

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு நீ கொண்டுவந்த பரிசுப் பெட்டியை அன்றைக்குக் கோபத்தில் அலமாரியின் மேல்தட்டில் தள்ளினேன். நாலு மாதம் முன்பு கம்பளி தேடும்போது அது கையில் தட்டுப்பட்டது. பிரித்தேன். நீ தைத்த கவுன் இருந்தது. அதற்குள் அவள் ஒரு கையைக்கூட இப்போது நுழைக்க முடியாது. அடியில் காகிதத்தில் மடித்த மூன்று விதைப் பொட்டலங்கள். கூடவே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. எப்போது விதைப்பது, எப்போது கிள்ளுவது, எப்போது வெட்டுவது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், பாப்பா தவழ ஆரம்பித்த நாளிலிருந்து மாடியில் இந்த மூன்றும்தான் வளர்க்கிறேன், வாயில் போட்டாலும் விஷமில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை, அரளியை வேரோடு எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய்.

அக்கா, அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தேன்.

அன்று விருந்து மேசையில் நீ வைத்த கிண்ணத்திலிருந்து பாப்பா ஒரு சிவப்புப் பூவைப் பிடுங்கி மென்றாள். நான் அலறினேன். நீ, "பயப்படாதே, அது ஒண்ணும் பண்ணாது" என்றாய். நான், "பெத்திருந்தா பயம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும்" என்றேன். அத்தனை பேர் முன்னால். குழந்தைக்காக நீயும் மாமாவும் எத்தனை வருடம் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினீர்கள் என்று தெரிந்தவள் நான். ஸ்கேன் அறைக்கு வெளியே உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தான். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தே குத்தினேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, அம்மாவைத்தான் கவனிக்கணும் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் திரும்பி வருவதற்குள் நீ கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தாய்.

சீட்டைப் படித்த மறுநாள் மாமாவின் ஆபீசுக்குப் போன் செய்தேன். அவர் கோபமாகப் பேசவேயில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பூச்செடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாத்தையும் குடுத்துட்டாம்மா. மாடியில இப்ப துணிதான் காயுது" என்றார். அன்றைக்கே தொட்டி வாங்கினேன். ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. நாலு மாதம் செடியைச் சாக்கு வைத்துத் தள்ளிப்போட்டேன்.

நேற்று பாப்பா நாற்காலியில் ஏறி ஒரு ஜினியா இதழைப் பிய்த்து வாயில் போட்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். அவள் மென்று பார்த்து, முகத்தைக் கோணிக்கொண்டு, என் புடவையிலேயே துப்பினாள். அவ்வளவுதான். சாயங்காலம் வரை அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் நின்றேன், அக்கா. உன் பேச்சை நம்பி நின்றேன். எட்டு மாதம் தாமதமாக.

சொன்னதை வாபஸ் வாங்க முடியாது என்று தெரியும். அதை மறந்துவிடு என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் பாப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் மாமாவை மட்டும் வாசலுக்கு அனுப்பு. அவளை அவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி பஸ் வரை எனக்கு அவசரமில்லை. இதுவரை அவளை யாரிடமும், இவரிடம்கூட, ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டதில்லை. ஈடாக இதைச் செய்யவில்லை, ஈடு கிடையாது என்று தெரியும். பெரியம்மா யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

என்ன சாப்பிடுவாள், எப்போது தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள் என்று ஒரு பட்டியல் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்குத் தெரியும்.

நீயும் மாமாவும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை