அண்ணி நடத்திய வெள்ளம்

அண்ணி,

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பகடை உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தேன். இருபது பக்கம் உள்ள பகடை. நீல நிறம், வெள்ளை எண்கள். "சாரி ஆன்ட்டி" என்று ஒரு பெண் கையை நீட்டினாள். நான் உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாம் ஆட ஆரம்பித்தபோது இப்படி ஒன்றை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நம்மிடம் இருந்தவை சட்டைப் பொத்தான்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணனைக் கட்டிக்கொண்டு நம் மைசூர் வீட்டுக்கு வந்தீர்கள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கொள்ளேகாலில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவர். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அண்ணனுக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. நான் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழில் பாதி கன்னடம். உங்கள் தமிழோ ஒவ்வொரு வாக்கியமும் 'ங்' என்று முடியும் தமிழ். தெருப் பெண்கள் அதைப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். ஒருநாள் அது உங்கள் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு "சரிங்", "இல்லீங்" என்பதற்கு மேல் வீட்டில்கூட நீங்கள் அதிகம் பேசவில்லை.

அந்த மௌனத்தை உடைத்தது ஒரு விதிப்புத்தகம். என் வகுப்புத் தோழி சுதாவின் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம். ஒருவர் ஊரையும் காட்டையும் ஆபத்தையும் சொல்லி ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். சுதாவும் அவளுடைய அண்ணன் மஞ்சுவும் வந்திருந்தார்கள். நான் நடத்தினேன். நீங்கள் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தீர்கள். மஞ்சுவின் போர்வீரன் இரும்புக் கவசத்தோடு ஒரு மலையைக் கடந்து சாயங்காலத்துக்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

"ஏங்கண்ணு," என்றீர்கள் என்னைப் பார்த்து. "அந்த ஆளு இரும்புச் சட்டையப் போட்டுக்கிட்டு மலையேறி எறங்கி, பொழுதோட வந்துட்டானா? எங்கூர்ல வெறுங்கையோட மலைக்குப் போய்ட்டு வந்தவனே ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டான்."

"ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு அக்கா," என்றான் மஞ்சு.

"அப்ப ரூல்ஸ எழுதுனவரு மலையேறல."

சுதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து உங்களுக்கு இடம் விட்டாள். நீங்கள் அவரைக்காய் முறத்தோடு வந்து அமர்ந்தீர்கள். அன்றிலிருந்து நாம் நால்வர்.

அப்பாவுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம், பகடை. "வீட்டுக்குள்ள பகடை உருட்டறது பேடம்மா, வேண்டாம். அதனாலதான் ராஜா வம்சமே காட்டுக்குப் போச்சு," என்றார். நீங்கள் மறுநாள் பழைய சட்டைகளின் பொத்தான்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண்ணை எழுதி, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினீர்கள்.

"இது பகடை இல்லீங் மாமா. பொத்தானுங்."

அப்பா டம்ளரைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "ஏதோ ஒண்ணு பண்ணிக்கோங்க," என்று செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். உள்ளுக்குள் நமக்கு வந்த சந்தோஷத்தை அடக்க நாம் சமையலறைக்கு ஓட வேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. டிசோசா என்பவர் சொந்தமாக ஒரு ஆட்டம் எழுதியிருந்தார். நதிகளும் கோட்டைகளும் உள்ள நம் நாட்டு ஆட்டம். அச்சுக்குப் போகும் முன் அதைச் சில குழுக்கள் ஆடிப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார். மஞ்சு நம் குழுவைச் சேர்த்துவிட்டிருந்தான். விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்று, ஆடிப் பார்க்க ஒரு சாகசக் கதை, வரைபடம் உருவாக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் அடங்கிய ஃபிளாப்பி ஒன்று. முடிவில் எல்லாக் குழுக்களும் பெங்களூரில் ஒருநாள் கூடிக் கருத்தைச் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் படித்துவிட்டு மதிப்பிடுவார்கள். நீங்கள் ஆடி, விதி எங்கே இடறுகிறதென்று உடைத்துப் பார்த்து, மறுபடி ஆடி மதிப்பிட்டீர்கள். சண்டை விதிகளுக்கு மனதாரப் பாராட்டு. "இந்த எடம் அருமையா எழுதிருக்காரு கண்ணு. அடி வாங்குனா பயம் வருது பாரு, அதுதான் வேணும்." சாகசக் கதையில்தான் நின்றீர்கள். முதல் காட்சியில் ஒரு சாமியார் வந்து வழி சொல்வார். அவரை நம்பினால் கதை நகரும். நீங்கள் வேண்டுமென்றே நம்பவில்லை. கதை அங்கேயே படுத்துவிட்டது. "ஒரே கதவு உள்ள வீடு," என்றீர்கள். "அதயும் சாத்திட்டா எல்லாரும் உள்ளயே உக்காந்திருக்கோணும்."

ஃபிளாப்பியைப் பார்க்க மஞ்சு வேலை செய்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். ஏசி குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். ஒரு விசையைத் தட்டினால் அறுகோணக் கட்டங்களில் காடும் மலையும் ஆறும் தானாக விரிந்தன. எனக்கு மாயம் போலிருந்தது. நீங்கள் திரையில் விரல் வைத்து ஆற்றைப் பின்தொடர்ந்தீர்கள். அது சமவெளியிலிருந்து புறப்பட்டு மலை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

"வேகத்துக்கு முழு மார்க்கு," என்றீர்கள் மஞ்சுவிடம். "ஆனா தண்ணிக்கு மேடு பள்ளம் தெரியோணுமில்ல?"

வீட்டுக்கு வந்து உங்கள் முறையில் வரைந்தீர்கள். அடியில் ஒரு கெட்டித் தாளில் நிலம். அதன் மேல் டிரேஸிங் பேப்பர் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இன்னும் கொஞ்சம் அகலமாக. ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்தால் வெள்ளம் ஏறும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நாமெல்லாம் ஒருமுறை போன அன்று, காவிரி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஏன் அவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீங்கள் எழுதிய சாகசம் ஒரு ஆற்றுத் தீவைப் பற்றியது. வெள்ளம் வருகிறது. தீவிலிருக்கும் ஜனங்களை வெளியே கொண்டுவர வேண்டும், தானியத்தையும் காப்பாற்ற வேண்டும். எந்த வழியில் என்பது ஆடுபவர்கள் பாடு. டிசோசாவின் பயண விதியிலும் சுமைக்குக் கணக்கே இல்லை என்று அதையும் நீங்களே மாற்றி எழுதினீர்கள்.

அதை வீட்டில் ஆடிப் பார்த்த மாலையில் நாங்கள் மூவரும் தோணிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தப் பக்கம் பாலம் இருக்கே. அதை விட்டுட்டு ஏன் எல்லாரும் தோணி தோணின்னு சாவறீங்க?"

அப்பா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நீங்கள் கொஞ்சமும் அசராமல் சொன்னீர்கள்: "மாமா, வெளிய இருந்து யோசன சொல்லக் கூடாதுங். உள்ள வந்து ஒரு ஆளா நின்னு சொல்லுங். தோணிக்காரன் எடம் காலியா இருக்குது."

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். எழுந்து வந்து உட்கார்ந்தார். டம்ளருக்குள் கைவிட்டுப் பொத்தானை எடுத்தபோது அவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாக இருந்தது. அன்று இரவுச் சோறு தாமதமானதைக் கேட்க அந்த வீட்டில் யாருமில்லை.

பெங்களூருக்கு நீங்களும் நானும் சுதாவும் மஞ்சுவும் போனோம். அனுப்பிவைத்தவரே அப்பாதான். ரயில் மண்டியாவைத் தாண்டும்போது நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "அங்க நானே பேசறேன் கண்ணு. நீ எனக்காக எடுத்துச் சொல்ல வேண்டாம்." உங்கள் கை மடியிலிருந்த வரைபடச் சுருளை இறுக்கிப் பிடித்திருந்தது. பயம் இருந்தது. எனக்கும்தான். அந்த மண்டபத்தில் யாராவது உங்கள் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரித்துவிட்டால் நீங்கள் மறுபடி வாயை மூடிக்கொள்வீர்கள் என்பதுதான் என் பயம்.

ஒரு பள்ளிக்கூட மண்டபம். பல ஊர்களிலிருந்து குழுக்கள். ஒவ்வொருவராக எழுந்து ஆங்கிலத்தில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்தார்கள். நம் முறை வந்தது. நீங்கள் எழுந்து, தமிழிலும் கன்னடத்திலுமாக, உங்கள் 'ங்'கோடு சொன்னீர்கள். பயண விதி சரியில்லை, நாங்கள் அதை மாற்றித்தான் ஆடினோம். சாகசத்தில் ஒரே வழிதான் இருக்கிறது. வரைபடத்தில் ஆறு மலை ஏறுகிறது. பின் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். நீங்கள் ஒரு கணம் நின்றீர்கள். பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தீர்கள்.

டிசோசா தாடி வைத்த, பருத்த மனிதர். முகம் சிவந்தாலும் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், பயணத்தை எளிமையா வெச்சது ஆட்டம் வேகமா போகத்தான். நீங்க ஆடின விதத்துல பிரச்சினையா இருக்கலாமில்லையா?"

"இருக்கலாமுங். நீங்களே ஆடுங், நான் நடத்தறேன். உங்க ரூல்ஸ்ல ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

மண்டபம் மேசையைச் சூழ்ந்தது. நீங்கள் தீவையும் வெள்ளத்தையும் சொன்னீர்கள். டிசோசாவின் வீரன் தானிய மூட்டையைத் தூக்கிக்கொண்டான், கவசத்தோடு ஆற்றைக் கடந்தான், திரும்பி வந்தான், ஜனங்களைக் கூட்டிப் போனான். விதிப்படி எதுவும் அவனைத் தடுக்கவில்லை. வெள்ளத்தின் முதல் தாளை நீங்கள் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நான் ஜெயிச்சுட்டேன்," என்றார் டிசோசா.

"ஜெயிச்சுட்டீங். நல்லா இருந்துதுங்களா?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "இல்ல மேடம். ஒண்ணுமே இல்ல." நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டார். "உங்க ரூல்ஸ்ல நடத்துங்க."

அதன்பின் நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், உங்களிடம் மட்டும் சொன்னதில்லை. உங்கள் விதியில் சுமை கால்களைப் பிடித்து இழுத்தது, தண்ணீர் மூச்சைத் தின்றது. தாள் மேல் தாள் வைத்தீர்கள். ஆறு அகன்றது. டிசோசா கவசத்தைக் கழற்றி எறிந்தார். பிறகு பாதித் தானியத்தை. பாலம் போனது. சுற்றி நின்றவர்கள் அவருக்கு யோசனை சொல்லத் தொடங்க, நீங்கள் அவர்களையெல்லாம் தீவின் ஜனங்களாக்கிவிட்டீர்கள். பின் வரிசையில் களுக்கென்றவர் ஒரு கர்ப்பிணியின் கணவனாகி, தோணியில் இடம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். உங்கள் குரல் அந்த உயரமான கூரை வரை போனது. ஒரு 'ங்'கைக்கூட நீங்கள் விழுங்கவில்லை.

கடைசித் தோணி. கடைசித் தாள். நாம் கொண்டுபோயிருந்த பொத்தான் டம்ளருக்குள் டிசோசா கைவிட்டார். பொத்தானைத் திருப்பிப் பார்க்காமல் உங்களிடம் நீட்டினார். நீங்கள் பார்த்துவிட்டு எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தீர்கள். "கரை சேந்தாச்சுங்."

அந்தக் கைதட்டலை நான் மறுபடி எங்கும் கேட்டதில்லை. சுதா மேசை மேல் ஏறிவிட்டாள். டிசோசா எழுந்து நின்று, எல்லோர் முன்னிலும், பயண விதிகளையும் சாகசத்தையும் உங்கள் பெயரோடு போட அனுமதி கேட்டார்.

புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயர். அப்பா அதைப் பையில் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப் முழுக்கக் காட்டினார். "நம்ம மருமக எழுதினது. இதுல வர்ற தோணிக்காரன் நான்தான்." அதற்குப் பிறகு பல வருடங்கள் எந்தெந்த ஊர்களிலிருந்தோ உங்கள் பெயருக்குப் பார்சல்கள் வந்தன; புது விதிகள், புது வரைபடங்கள், உடைத்துப் பார்க்கச் சொல்லி. நீங்கள் தெருவில் நின்று உங்கள் ஹனூர்த் தமிழில் உரக்கப் பேசினீர்கள். முன்பு பேசிக்காட்டிச் சிரித்த பெண்கள் தங்கள் பிள்ளைகளை உங்களிடம் கணக்குக்கு அனுப்பினார்கள்.

நீங்கள் நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தபோது நான் அழுதேன்தான். ஆனால் உங்களை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அழுகையில்லை.

இப்போது அந்தப் பார்சல்களில் சில எனக்கு வருகின்றன. ஒன்றையும் ஆடாமல் நான் மதிப்பிடுவதில்லை. நல்ல இடத்தைக் கண்டால் முதலில் அதைச் சொல்கிறேன். உடையும் இடத்தைக் கண்டால் எழுதியவரை எதிரில் உட்காரவைத்துத்தான் உடைக்கிறேன். இந்த மாதம் நஞ்சன்கூட்டிலிருந்து ஓர் இளைஞர் தன் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் வரைந்த அழகான வரைபடம். மலைக்கு நடுவில் தனியாக ஒரு கிராமம். "இந்த ஜனங்க குடிக்கத் தண்ணிக்கு எங்க போவாங்க?" என்று கேட்டேன். பையிலிருந்து பேனாவை எடுத்து, அங்கேயே ஒரு கிணற்றை வரைந்தார். கிணறு வந்ததும் அதற்கு ஒரு சொந்தக்காரர் வந்தார், அவருக்கு ஒரு பகையாளி வந்தான். இளைஞர் முகம் மலர, நாற்காலி நுனிக்கு வந்து வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

ஊருக்குப் பெயர் வைக்கவில்லையே என்றேன். நீங்களே வையுங்கள் என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன், அண்ணி. யார் அது என்று கேட்டார். அன்று மத்தியானம் முழுக்க அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.