மூலையில் நீ விட்ட எட்டுச் சிப்பிகள்

அலுமாரிக்கு மேலிருந்து இன்று நம் சாக்கு என் தலையில் விழுந்தது. மாக்கரால் கட்டம் கீறிய அதே சாக்கு. இன்னும் டீசல் மணக்கிறது. விழுந்ததும் நான் திரும்பிப் பார்த்தது கதவைத்தான், நீ ஒளிந்து நின்று சிரிக்கிறாயோ என்று. நீ போய் ஒரு வருடமாகியும் என் சந்தேகம் போகவில்லை.

அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் காலைப் படகில்தான் நாம் ‘கோ’ ஆடினோம். போனைப் பார்த்துப் பழகிய சீனக் காய் ஆட்டம். பலகையில் வைத்தால் அலைக்குக் காய்கள் வழுக்கும், சாக்கில் வழுக்காது. எனக்குப் புளியங்கொட்டை, உனக்கு வெள்ளைச் சிப்பி. வெற்றிடத்தை வளைப்பவர் வெல்வார். சுற்றிவர அடைபட்ட காய் செத்தது. மூலைகளைப் பிடிக்க எனக்கும் தெரியும். நடு ஆட்டத்தில்தான் நீ பேய். "சும்மா கிடைக்கிறதை நம்பாதை" என்பாய், அடுத்த நிமிடமே எதையாவது சும்மா நீட்டுவாய். சாக்கு இருவருடையது, போக்கு மட்டும் உன்னுடையது. ஒருமுறை மயங்கி விழுந்தாய். நான் தண்ணீர் தேடி ஓட, எழும்பி என் வடையைத் தின்றாய்.

அதனால்தான் அந்தக் கடைசிக் காலையில் உன்னை நம்பவில்லை.

"எடி, எனக்கு இண்டைக்கு ஏலாது. தலை இடிக்குது. மூலையிலை கிடக்கிற என்ரை எட்டுச் சிப்பியையும் நீயே எடு."

"கயிறு விடுறதெண்டால் படகுக்கு விடு, எனக்கு விடாதை. வையடி!"

நீ நடுவில் ஒரு சிப்பியை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாய். படகோட்டி அண்ணை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு உண்மையா வருத்தம் போலை, முகம் காய்ச்சலிலை சிவந்து கிடக்குது."

"அண்ணை, நீங்களும் இவளோடை கூட்டோ?"

அடுத்த நாள் தொடர, வழமைபோல் சாக்கைப் படமெடுத்தேன். இறங்குதுறையில் நீ குமட்டிச் சத்தி எடுத்தாய். நான் கைதட்டினேன். "நடிப்பெண்டால் இதுதான்!" வாயைத் துடைத்தபடி நீயும் சிரித்தாய்.

டெங்கு என்றார்கள். நாலாம் நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோதும், "ஆர் இந்தப் பகிடி விடுறது?" என்றுதான் கேட்டேன்.

இன்று அந்தப் படத்தைப் பார்த்துக் காய்கள் எல்லாவற்றையும் சாக்கில் அடுக்கினேன். உன் எட்டையும் பிடிக்க நான் மூலையைச் சுற்றச் சுற்ற, அந்த ஒற்றைச் சிப்பியிலிருந்து நீ நடுவெளி முழுவதையும் வளைத்திருப்பாய். கள்ளி! காய்ச்சலும் உண்மை, பொறியும் உண்மை. சிப்பியைச் சந்தேகித்தது சரி. உன்னைச் சந்தேகித்ததுதான் பிழை.

இப்போது படகில் யாராவது தலையிடி என்றால், முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். இதைக் கண்டுபிடித்துவிட்ட என் தங்கச்சி, வீட்டுப்பாடம் செய்யாத நாளெல்லாம் தலையிடி என்று எனக்கு நெற்றியைக் காட்டுகிறாள். பொய்யென்று தெரியும். ஆனாலும் கை வைக்கிறேன்.