நீ போட்ட சார்ட்டில் விட்டுப்போன பேர்

திருத்தணி,
19-8-1985.

சிரஞ்சீவி நாகேந்திரனுக்கு நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், ஹாலந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் இங்கே தினம் பேச்சு. உன் கடிதமும் போட்டோவும் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் வந்தது, காவடிக் கூட்டத்தில் தபால்காரர் எப்படித்தான் வந்து சேர்ந்தாரோ. போட்டோவில் நீ இளைத்துவிட்டாய் என்கிறாள் உன் அம்மா, எனக்கு அந்தக் கோட்டுதான் ரெண்டு ஆளுக்குத் தைத்த மாதிரி தெரிந்தது. மார்கழியில் தீசிஸ் பரீட்சை, அது முடிந்தால் அந்த காலேஜிலேயே வேலை, நம் ஊர் சார்ட்டைத்தான் புரொபசர் எல்லாருக்கும் காட்டிப் பாராட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுத் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்திருக்க வேண்டியவன் நான், கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் ஓட்டிவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன், பதறாமல் முழுக்கப் படி.

தை மாதம் லீவில் வந்து மூன்று வாரம் நம் நெசவாளர் சொசைட்டியிலேயே கிடந்தாய். ஒரு இடத்தில் வேலை எப்படி நடக்கிறதோ அதை அப்படியே கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி கட்டமும் கோடுமாகப் போடுவதுதான் உன் படிப்பு என்று சொன்னாய். அத்தனை பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு நம் சொசைட்டியை எடுத்துக்கொண்டாயே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நூல் எங்கிருந்து வருகிறது, தறியில் ஏற்றுகிற பாவு யாருக்குப் போகிறது, நெய்த துணி யாரிடமிருந்து திரும்புகிறது எல்லாம் போட்டு, நம் தெருவில் இருக்கிற நாற்பது தறிக்கும் நாற்பது கட்டம், தறிக்கு ஒரு ஆள், கட்டத்துக்குள் அவன் பேர். நீ வீடு வீடாகப் போனபோது கூடவே வந்து பேர் சொன்னவன் நான். நீ கிளம்பின பிறகு சொசைட்டித் தலைவர் சடகோபன் அந்தச் சார்ட்டின் நகலுக்குக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார், போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினார். நானும் நாலு பேரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினவன்தான், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஆனி மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு கைத்தறி இலாகா ஆபீசர் வந்தார், சார்ட்டைப் பார்த்தார். இவ்வளவு தெளிவாக எந்த ஊரிலும் பார்த்ததில்லை, இனிமேல் கட்டத்தில் இருக்கிற ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பாவு என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் முதலில் மாட்டிக்கொண்டவள் வள்ளிநாயகி. கோடி வீட்டுப் பரந்தாமன் பெண்சாதி, ரெண்டு பெண் குழந்தைகள், உனக்கு நினைவிருக்கும். அவள் வீட்டுத் தறிக்கு நீ பரந்தாமன் என்று போட்டிருக்கிறாய். அன்றைக்கு அவன் எங்கே என்று என்னைக் கேட்டாய், தறிக்கு அச்சு வாங்கப் பொதட்டூர்பேட்டை போயிருக்கிறான், சாயந்திரம் வந்துவிடுவான் என்றேன். அது சுத்தப் பொய்யப்பா. பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குத் தறி வேலைக்குப் போகிறேன் என்று அவன் கிளம்பி ரெண்டு வருஷம் ஆகிறது, ஒரு கார்டு கூடப் போடவில்லை. அன்றைக்கிருந்து நெய்கிறவள் அவள்தான். ஆனால் நம் தெருவில் ஆம்பிளை திரும்பி வருகிற வரைக்கும் தறி அவன் பேரில்தான் இருக்கும், பெண்சாதி பேரைச் சொன்னால் அவன் இனி வரமாட்டான் என்று நாமே வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். சடகோபனுக்கும் இது தெரியும், குமாஸ்தாவுக்கும் தெரியும், ஆனி வரைக்கும் அவள் வந்து நின்றால் பரந்தாமன் பேரைப் போட்டுப் பாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து மெட்ராஸ் ஹாஸ்டலில் வளர்ந்த உனக்குத்தான் தெரியாது. படித்த பிள்ளை எதிரில் நம் தெருவுக்குக் குறைவு வரக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன், வேறு காரணம் இல்லை.

ஆடி பிறந்ததிலிருந்து அவளுக்குப் பாவு கிடையாது. தறி சும்மா நிற்கிறது, பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அம்மையார்குப்பத்தில் தன் தம்பி வீட்டில் விட்டிருக்கிறாள். நான் போய்ச் சடகோபனிடம் சண்டை போட்டேன், உமக்குத் தெரியாத விஷயமா என்று கேட்டேன். அவர், நான் இன்னாங்க பண்றது, ஆபீசர் ஒத்துக்கினு போன சார்ட்டு, ஃபாரின்ல படிக்கிற புள்ள போட்டது, உங்க புள்ளையே தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும் மாத்திடறேன், உங்க வார்த்தைய வச்சி மாத்த முடியாதுங்க என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்கிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. ஒரு கட்டம் பொய் என்று தெரிந்தால் மற்றக் கட்டங்களை அங்கே நம்புவார்களா, சொன்னதையெல்லாம் நம்பிப் போட்டவன் என்று உன்னைச் சொல்லிவிடுவார்களா, நாலு வருஷப் படிப்பும் கிடைக்கிற வேலையும் என்னால் போய்விடுமா என்று பயமாக இருக்கிறது. பரீட்சை முடியட்டும், மார்கழி கழித்து எழுதலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். வந்ததே கோபம். மார்கழி வரைக்கும் அந்தப் பொண்ணு மண்ணையா துன்னும், பாவு இல்லாம குந்திகினு கீறா, அவன் படிச்சவன் திருத்திக்குவான், நீங்க எழுதறீங்களா இல்ல நான் போஸ்ட் மாஸ்டராண்ட போயி எழுதி வாங்கிகினு வரட்டுமா என்று ஒரே பிடியாக நின்றாள்.

அவளுக்கு ஏன் அத்தனை கோபம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியட்டும். எட்டாம் கட்டத்தில் நம் வீட்டுத் தறிக்குக் கஜபதி என்று என் பேரைப் போட்டிருக்கிறாயே, அதுவும் பொய். என் வலது தோள் போய் மூன்று வருஷம் ஆகிறது, நாடாக் கயிற்றைப் பத்து தரம் இழுத்தால் பதினோராவதுக்குக் கை எழும்பாது. நீ இருந்தபோது உனக்காகத் தறியில் ஏறி உட்காருவேன், நீ சொசைட்டிக்குக் கிளம்பினதும் இறங்கிவிடுவேன். நான் கோணலாக நெய்து வைத்ததைப் பிரித்துவிட்டு உன் அம்மா மறுபடி நெய்வாள். புரொபசருக்குக் கொடுக்க இங்கிருந்து எடுத்துப்போனாயே, அந்தத் துண்டும் அவள் நெய்ததுதான். நாற்பது வீட்டில் கேட்ட நீ உனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லையப்பா, கேட்டிருந்தாலும் நான் குறுக்கே விழுந்து பதில் சொல்லியிருப்பேன். பெற்ற பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆம்பிளையாகத் தெரிய எனக்கு வெட்கமாக இருந்தது.

புரட்டாசி முதல் வாரம் ஆபீசர் திரும்ப வருகிறாராம். அதற்குள் சடகோபன் பேருக்கு உன் கடிதம் வந்து சேர வேண்டும், இங்கிலீஷில் டைப் அடித்து ரிஜிஸ்டரில் அனுப்பு, அப்போதுதான் மதிப்பார்கள். புரொபசரிடம் நீயே முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடு, என் அப்பன் எனக்குப் பொய் சொன்னான் என்று தாராளமாகச் சொல், நான் வருத்தப்பட மாட்டேன். தணிகை மலையான் துணையிருந்து உன் படிப்புக்கும் வேலைக்கும் ஒரு குறைவும் வராமல் காக்கட்டும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. சொசைட்டிக்கு எழுதும்போது கோடி வீட்டுக் கட்டத்தில் வள்ளிநாயகி என்று போடு, எட்டாம் கட்டத்தில் என் பேரை அடித்துவிட்டு அம்சா என்று போடு. கட்டினவள் பேரை நான் ஒரு காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதி முடித்து உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், தன் பேர் வந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் நைனா
கஜபதி