பர்னருக்காக நான் சாப்பிட்ட மூன்று நாள்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் சுகமாகத்தான் இருக்கிறோம், அதாவது மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், நடமாடும்போது ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லிக்கொள்கிறோம், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. அங்கே நீயும் உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இல்லையென்றால் இல்லை என்றே எழுது, இனிமேல் நம் வீட்டில் மறைப்பு வேண்டாம் என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறாள், ஏன் போட்டாள் என்பது கீழே வரும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ரெண்டு ஜோக் அடித்துவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுகிற ஆள், உனக்கே தெரியும். இது அப்படித் தள்ளிவிடக்கூடிய சங்கதி இல்லை. உன்னிடம் ஒரு வருஷமாக மறைத்த விஷயம் இதில் இருக்கிறது, முடிவில் ஒரு உதவியும் கேட்கப்போகிறேன். பத்தாம் வகுப்பு வரை போனவன் எழுத்து, அதில் பாஸானவன் எழுத்து என்று நான் எங்கும் சொன்னதில்லை, அதனால் கோர்வையாக இல்லாவிட்டாலும் பொறுத்துப் படி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறாள், படி கட்டியது நான்தான் என்பது போல. அண்ணனுக்கு இந்த மாசம் இரவு ஷிப்ட், பகலில் ஜன்னலுக்குப் போர்வை மாட்டிவிட்டுத் தூங்குகிறான், அதனால் நாங்கள் வீட்டுக்குள் திருடர்கள் மாதிரி நடக்கிறோம்.

அவன் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. இந்த ரெண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் பர்னர். போனில் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், ஹோட்டல் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, முப்பத்தைந்து வருஷமாக இங்குள்ள சமையற்கட்டு ஒவ்வொன்றிலும் குனிந்து நிமிர்ந்தவர். ஊரே பர்னர் என்றுதான் கூப்பிடுகிறது. நாங்கள் குடிவந்த மாசம் நம் வீட்டு அடுப்பைப் பார்க்க வந்தார், நான் பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தேன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்ன தொழில் என்று விசாரித்தார், முப்பது வருஷம் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்தேன் என்றேன். "அதான் எல்லாம் மேல மேலயே சொல்றீங்க" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் பெயிண்டர், நாங்கள் ரெண்டு பேரும் நண்பர்கள்.

நாலு மாசத்துக்கு முன்னால் அவருக்குக் குரல் கம்மியது. சளி என்றார், அடுப்புப் புகை என்றார், பிறகு விழுங்கும்போது அடைக்கிறது என்று கஞ்சிக்கும் தேநீருக்கும் வந்து நின்றார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் தொண்டையில் கட்டி, குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதன் பிறகு பேச்சு இருக்காது, கழுத்தில் ஒரு துவாரம் வைத்து அது வழியாகத்தான் மூச்சு. இதற்கெல்லாம் மனுஷன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். போகிற போக்கில் அங்கிருந்த நர்ஸ், மூக்கு வழியாக மூச்சுப் போகாததால் வாசனையும் தெரியாமல் போகும் என்று சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். "பேச்சு போனா போவுது, என் தங்கச்சி நிம்மதியா இருப்பா. மூக்கும் போச்சுன்னா நான் யாருய்யா" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கதவருகில் நின்று ஒரு தடவை மூச்சிழுத்தால் போதும், எந்த அடுப்பில் கேஸ் கசிகிறது, எந்தப் பானையில் அடி பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார். கை வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. இந்த மாசம் தாண்டினால் கத்தி வைத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் தங்கை, அந்தம்மாவுக்கும் அவரை விட்டால் ஆளில்லை, நம் வீட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, நீங்களாவது சொல்லுங்கண்ணே என்று போனாள். நான் நாலு நல்ல வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போனேன், அவர் முகத்தைப் பார்த்ததும் நாலும் மறந்துவிட்டது. அவரே பேசினார். "மூணு நாள் என்கூட வா. இந்த ஊர்ல நான் அடுப்பு பார்த்த கடைங்களுக்குப் போவோம். நான் மோந்து பாக்கிறேன், நீ சாப்பிடு, வாயில என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லு. மூக்கு பாதி, நாக்கு பாதி, ரெண்டும் சேர்ந்தாத்தான் கணக்கு. திங்கக்கெழமை நானே போய்ப் படுத்துக்கிறேன்" என்றார். நான் சரி என்றேன்.

இங்கேதான் உன்னிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். போன வருஷம் எனக்கு வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாதியைப் பெயிண்ட் தின்னர் ஏற்கெனவே தின்றிருந்தது, மீதியைக் காய்ச்சல் முடித்தது. நாக்கில் உப்பும் இனிப்பும் புளிப்பும் ஏதோ தூரத்தில் கேட்கிற பாட்டு மாதிரி தெரியும், மற்றபடி எதைத் தின்றாலும் ஈரத்துணியைச் சவைப்பது போலத்தான். முழங்கால் வலியோடு நின்று சமைக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததால் உன்னிடமும் சொல்லவில்லை. நீ உன் கையால் செய்து அனுப்பிய கேக்கைத் தின்றுவிட்டுப் போனில் அரை மணி நேரம் புகழ்ந்தேனே, அது அத்தனையும் கற்பனை அம்மாடி, மன்னித்துக்கொள். பர்னரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திங்கட்கிழமை அவர் போய்ப் படுத்திருக்க மாட்டார், அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

முதல் நாள் சரக்கு ரயில் நிற்கும் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு சூப்புக் கடை. பர்னர் எந்தக் கடைக்கும் முன்பக்கமாகப் போக மாட்டார், முன்பக்கம் போனால் போர்டைத்தான் பார்க்கலாம் என்பார். பின்சந்து, சாக்கடை மேல் போட்ட பலகை, அடுக்கி வைத்த காய்கறிக் கூடைகள், கம்பியில் காயும் ஏப்ரன்கள், இது வழியாகத்தான் அவருடைய ஊர். உள்ளே நுழைந்ததும் சூப்புக்காரம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, என்னண்ணே இப்படி எளைச்சிட்டீங்க என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அடுப்பைக் குனிந்து பார்த்து, தீயில் மஞ்சள் தெரிகிறது என்று சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்து கேஸ் வரும் ஜெட் துவாரத்தைக் குத்திவிட்டார், தீ நீலமாக நின்றது. பிறகு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து கண்ணை மூடி நன்றாக மூச்சிழுத்தார். நான் சூப்பைக் குடித்தேன், சூடு தெரிந்தது, உப்பு தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் எதிரே ஒரு லோடுமேன் குடித்துவிட்டு உதட்டை நக்கினான், அதைப் பார்த்து, எலும்போட சாறு நல்லா இறங்கியிருக்கு, தொண்டையில ஒட்டுது, பின்னாடி பூண்டு வருது என்றேன். பர்னர் கண்ணைத் திறக்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நிறுத்தத் தோன்றவில்லை.

ரெண்டாம் நாள் அச்சகத் தெருவில் ரொட்டி அடுப்பு, அதிலிருந்து மீன் மார்க்கெட் பின்னால் பொரிக்கிற கடை, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சோறு போடும் பெரிய சமையற்கூடம். தின்று தின்று பெல்ட்டில் ரெண்டு ஓட்டை தளர்த்தினேன். அவர் வாசனையைச் சொல்வார், கருகல் லேசா வருதே, நாக்குல தெரியுதா என்று கேட்பார், அடியில லேசா தெரியுது என்று நான் சொல்வேன், அவர் கொடுத்த சரக்கையே அவருக்குத் திருப்பி விற்றேன். கடைக்காரர்கள் எல்லாருக்கும் சங்கதி எப்படியோ தெரிந்திருந்தது, யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, என் தட்டில் மட்டும் கூடுதலாக வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கடையிலிருந்தும் கிளம்பும்போது பர்னர் அடுப்பின் விளிம்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வருவார். அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மூன்றாம் நாள் கடைசியாக பஸ் டிப்போ பக்கத்துச் சாப்பாட்டுக் கடை. சமையற்கட்டு மூலையில் உட்கார வைத்து ரொட்டியும் கறியும் கொடுத்தார்கள். நன்றாகச் செய்ய வேண்டும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு, மிளகு தூக்கல், வறுத்த வாசனை கமகமன்னு ஏறுது என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். பர்னரிடமிருந்து பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தால் சமையற்கட்டில் ஒரு ஆள் இல்லை, அடுப்பெல்லாம் அணைந்து கிடக்கிறது, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது, சிலிண்டர் வால்வு மேல் கையை வைத்துக்கொண்டு பர்னர் மட்டும் என்னையே பார்க்கிறார். ரப்பர் டியூப் கழன்று கேஸ் அந்த இடமெல்லாம் நிறைந்து, ஆளாளுக்கு வெளியே ஓடியிருக்கிறார்கள். உன் அப்பன் அதற்கு நடுவில் உட்கார்ந்து மிளகைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறான். காலரைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

டிப்போ மதில் ஓரமாக நின்றோம். வாசனை வரலையா என்றார். நான் இழுபட்ட காலரைச் சரிசெய்தேன். எத்தனை நாளா என்றார். ஒரு வருஷம் என்றேன். அவ்வளவுதான், பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார், இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் ஞாயிறு, போன் எடுக்கவில்லை. அவர் கடைசியாக ஆசைப்பட்ட ஒன்றில் கலப்படம் செய்துவிட்டேன், இனி அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்தால் அந்தப் பாவம் எனக்குத்தான் என்று அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன், விடியும்போதே டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று தங்கை வாசலிலேயே நின்று சொன்னாள். தொழிலுக்குப் போய்விட்டார், முடிந்தது என்று திரும்பி வந்தேன்.

நம் வீட்டுச் சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பைக் கவிழ்த்துப் போட்டு, பழைய டியூப்பைக் கழற்றிப் புது டியூப் மாட்டியிருந்தார், அம்மா சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது என்று அம்மா முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. "மூக்கில்லாதவன் வீட்டுல வெடிச்ச டியூப்பு. வாசனை தெரியலன்னா கண்ணால பாரு. சோப்பு போட்டா நுரை முட்டை விடும், விட்டா லீக்கு" என்று அந்தக் கம்மிய குரலில் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "எப்படிய்யா இருக்கு? இந்தத் தடவை கதை விடாம சொல்லு" என்றார். "பழகல. ஒரு நாள்கூடப் பழகல. ஆனா பசிக்குது, வேளாவேளைக்குப் பசிக்குது" என்றேன். ஸ்பேனரைத் துணியில் சுற்றினார். பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அப்ப கெளம்பு, நேரமாச்சு என்றார். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு என்னைக் குனியச் சொல்லி, "சூப்பைப் பத்தி நீ சொன்னது நல்லா இருந்துச்சு. நெஜத்துல அவ சூப்பு அவ்வளவு இல்ல" என்றார். என் காதில் விழுந்த அவருடைய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபரேஷன் முடிந்து இன்றைக்குப் பதினோரு நாள் ஆகிறது. மூக்கில் ஒரு குழாய், அது வழியாகத்தான் பால் மாதிரி ஏதோ ஊற்றுகிறார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை, பர்னர் படுக்கையில் பாதியாகக் கிடக்கிறார். நாலிலிருந்து ஐந்து வரை பார்க்க விடுவார்கள், நான் தினமும் போகிறேன். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன், அதில் முதலில் எழுதியது, என்ன சாப்பிட்ட, பொய் வேண்டாம். உள்ளபடி சொன்னேன், சூடா இருந்துச்சு, மெத்துனு இருந்துச்சு, உப்பு இருந்துச்சு. ரெண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது, அப்புறம் மூக்கில்லாத ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தட்டை வைக்கும்போதே, உப்பு சரியா இருக்கு, காரம் கொஞ்சம் தூக்கல், பூண்டு நல்லா வெந்திருக்கு என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி வாசித்தாள். இப்போது தினமும் வாசிக்கிறாள், நானும் அதைக் கொண்டுபோய் அவரிடம் ஒப்பிக்கிறேன். நேற்று சிலேட்டில், உன் வீட்டுச் சாப்பாடு தெரியும், வேற என்று எழுதினார். அழித்துவிட்டு, பொண்ணு என்ன சாப்பிடுது என்று எழுதினார். ஏதோ சாப்பிட்டேன்பா என்றுதான் சொல்லுவா என்றேன். ஏதோன்னா என்று எழுதிக் காட்டினார். நீ அங்கே போய் ஆறு வருஷம் ஆகிறது, என்ன சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். உன்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி அந்த ஊர்க்காரி என்று சொன்னாயே, அவளைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போ. நின்றுகொண்டு தின்னாமல் உட்கார்ந்து சாப்பிடு. விட்டார்களென்றால் பின்பக்கமாகப் போய் அடுப்பையும் பார், தீ நீலமா மஞ்சளா என்று எழுது, அவர் கட்டாயம் கேட்பார். வாசனை எப்படி வந்தது, வாயில் முதலில் என்ன தெரிந்தது, விழுங்கிய பிறகு என்ன மிஞ்சியது, ஒன்று விடாமல் எழுது. நல்லா இருந்துச்சு என்று மட்டும் எழுதாதே, அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கேவலமாக இருந்தால் கேவலமென்றே எழுது, அதைத்தான் ரசித்துப் படிப்பார். சீக்கிரம் எழுது, ஏன் சீக்கிரம் என்று என்னைக் கேட்காதே.

உனக்கு ஒரு குறையும் வராமல், வேளைக்குப் பசித்து, பசித்தபோது சூடாகக் கிடைத்து, நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும், நானும் அம்மாவும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். உன் வீட்டு அடுப்பு டியூப்பைச் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்துவிடு, வாசனை தெரிகிறவர்களும் பார்க்க வேண்டும் என்று பர்னர் சிலேட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். இனி ஏதோ சாப்பிட்டேன் என்று சொல்லாதே, நாங்கள் ரெண்டு பேர் உன் தட்டை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நீ செய்யும் அடுத்த கேக்கைப் பற்றி உண்மையைச் சொல்லப்போகும்
உன் அப்பா