நாஷ்டா கடையில் ஈப்புலி

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே வெயில். உளுந்து ஊறப்போட்டாச்சு. தேங்காய் இல்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி கேன்டீன் கான்ட்ராக்டர் கடையைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் காலை ஷிப்டுக்கு மொத்த இட்லியும் நம்முடையதுதான். கும்மிடிப்பூண்டியில் இவ்வளவு சுத்தமான நாஷ்டா கடை வேறு எது? காட்டட்டும்.

ஆனால் சுவரில் அந்தச் சிலந்தி. மயிர் மயிராக உடம்பு, முகம் பூராக் கண். வலையும் கட்டாது. வடைப் பெட்டிக் கண்ணாடியில் உட்கார்ந்த ஈயை நோக்கிப் பூனை மாதிரி பதுங்கிப் போனது. ஈ அசைந்தால் நிற்கும். பின்னால் நூலை ஒட்டிவிட்டு ஒரே பாய்ச்சல். கவ்வியபடியே அந்த நூலில் தொங்கியது. உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் பெட்டி மேலேயே போட்டது. எனக்கு நாஷ்டா இறங்கவில்லை.

ஜூலை 9, புதன்
புழுக்கம். பின்பக்கம் கம்பெனிக் குப்பை நாற்றம். தூ.

எவர்சில்வர் குண்டானில் தன் முகத்தையே பார்த்து, முன்னங்காலைத் தூக்கிச் சண்டைக்கு நிற்கிறது இன்னொரு சிலந்தி. சாம்பார் வைக்கிற குண்டான். துடைப்பத்தை ஓங்கினேன். மருமகள் செல்வி தடுத்தாள்.

"அத்தே, அது ஈப்புலி. ஈயத்தான் துன்னுது, உங்க இட்லியவா துன்னுது? உட்டுடுங்கோ."

எனக்கே புத்தி சொல்கிறாள். எறும்பு சாக்பீஸ் வாங்கிவந்து சுவர், ஜன்னல், வடைப் பெட்டி எல்லாவற்றையும் சுற்றிக் கோலம் மாதிரி கோடு இழுத்தேன்.

ஜூலை 10, வியாழன்
சிலந்திகள் எல்லாம் கால்களை மடக்கிச் செத்துக் கிடந்தன. முறத்தில் அள்ளிக் கொட்டினேன். கைக்கு இரண்டு தரம் சோப்பு. நிம்மதி.
பேத்தி கணக்கில் முதல் மார்க். என் ரத்தம்.

ஜூலை 11, வெள்ளி
தூறல். தூறலுக்கு ஈ அத்தனையும் உள்ளே. வடையில், சட்னியில், என் மூக்கில். நடக்கிறதெல்லாம் கோட்டில் செத்துப்போச்சு. பறக்கிறதுக்குக் கோடு ஏது? இது எனக்குத் தோன்றவே இல்லை.

கான்ட்ராக்டர் ஒரு கையால் விரட்டிக்கொண்டே சாப்பிட்டார். சாம்பாரில் ஒன்று விழுந்தது. எழுந்துவிட்டார்.

"இட்லி நல்லாத்தான் கீது ஆயா. அடுத்த வாரம் வரேன். அப்பவும் இப்டியே ஈ மொச்சிக்கினு இருந்தா வேற கடதான்."

செல்வி சாம்பாரிலிருந்து ஈயைக் கரண்டியில் எடுத்து என்னிடம் காட்டினாள். அதுதான் இன்னும் கேவலம்.

ஜூலை 12, சனி
ஈரத் துணியால் கோடெல்லாம் துடைத்தேன். இடுப்பு போச்சு.

காலண்டருக்குப் பின்னால் வெள்ளையாக நூல் பை. உள்ளே முட்டை, காவலுக்கு அவள், தாய் ஈப்புலி. வெளியே வராததால் தப்பித்திருக்கிறாள். அத்தனை கண்ணாலும் என்னையே பார்த்தாள்.

தூசி தட்ட செல்வி காலண்டரைக் கழற்ற வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

"உட்றி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."