குமிழி விடாத குழாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அப்பாவின் இருமல் மூவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறாய், அதனால் கேட்கவில்லை.

நேற்று நீ போனில் அழுததிலிருந்து அப்பா ஆளே சரியில்லை. மயக்க வாயு பட்ட சிவப்பணுவெல்லாம் உன் ஆய்வகத்தில் சவ்வு கிழிந்து உடைகிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள் என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பித்தப்பைக் கல்லோடு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். வலி வந்தால் சுருண்டு கிடப்பது நான்தானே. வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கும், அதில் மாற்றமில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், காகிதம் என்றால் முழுக்கக் கேட்பாய்.

சவ்வில் இருக்கும் கொழுப்பில் வாயு கரைந்து அதைக் கொஞ்சம் இளக்கும் என்றாய், சரி. ஆனால் முப்பத்தொரு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடித்தவள் நான். அவசரக்குடுக்கைகள் ஊசியில் ரத்தத்தை வெடுக்கென்று இழுத்தாலே அணு உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்துவிடும். நீயோ வாயுவை ரத்தத்துக்குள்ளேயே விட்டு நுரை பொங்கப் பொங்க ஓட்டியிருக்கிறாய். ஒப்பிட வைத்த குழாய் என்ன செய்தது என்று கேட்டேன், ஸ்டாண்டில் சும்மா இருந்தது என்றாய். அங்கேதான் கோட்டை விட்டாய் கண்ணே. அதில் வெறும் காற்றைக் குமிழியாக விட்டுப் பார். அதுவும் சிவந்தால் உடைத்தது வாயு இல்லை, நுரை. எனக்குள் யாரும் குமிழி விடப்போவதில்லை, வாயு மூச்சோடு உள்ளே போய் மூச்சோடு வெளியே வந்துவிடும்.

பயமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், உன் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் பரிசோதனைக் கூடத்தில் என் இடத்துக்கு வந்த நெட்டையனிடம் ஆபரேஷனுக்கு முன் ஒரு குழாய், பின் ஒரு குழாய் ரத்தம் எடு, மெதுவாக இழு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், மகராசியாக இரு. வெறும் காற்றை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

வெள்ளி காலை: கையில் டிரிப்ஸ் ஊசி இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நெட்டையன் இரண்டு குழாயையும் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். இரண்டிலும் மேலே நீர் தெளிந்து நின்றது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எது முன்னால் எடுத்தது, எது பின்னால் எடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லையடி.