வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாயே

இன்று பதுளைக் கடைவீதியில் நடந்தபோது நெத்தலிக் கருவாட்டு வாசம் முகத்தில் அடித்தது. நடுவீதியில் தனியாகச் சிரித்துவிட்டேன். உன் பெட்டியின் வாசம்தானே அது! ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் உங்கப்பா கடையிலிருந்து நெத்தலி கட்டிக்கொண்டு வந்து நம் போர்டிங் அறையையே நாறடிப்பாய். அதைத் தின்றுதான் நான் பட்டதாரி ஆனேன்.

நான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் மாதம் முழுக்க அரிசி, மா, சீனி எல்லாம் கடனாகக் கடைக் கொப்பியில்தான் ஏறும். பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் அம்மா போய் அடைத்துவிட்டு, அன்றே மறுபடியும் கடனுக்கு வாங்கி வருவார். அதில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. அதே பழக்கத்தோடு கம்பஸுக்கு வந்தேன். வாசலிலிருந்த சில்லறைக் கடையில், உதவித்தொகை வந்ததும் தாரேன் என்று சொல்லிச் சொல்லியே வாங்கினேன். அது தோட்டத்துச் சம்பளம் போல் நாள் தவறாமல் வராது, இரண்டு மாதம் வராமலும் இருக்கும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. முதலில் வந்த காசில் புதுப் போன் வேறு. அந்தப் போனிலேயே ஏதோ ஒரு ஆப்பில் அவசரக் கடன் எடுத்தேன். அதை அடைக்க இன்னொன்று. கடைசியில் கடன் தந்தவர்களில் ஒருவன், அம்மாவுக்கே கோல் எடுத்துச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினான்.

இரண்டாம் வருடம் பாதியில் உடுப்புகளை அடுக்கினேன். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குப் போவதாக முடிவு. படிப்பு அவ்வளவுதான். நீ கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் காசு இருந்தது எனக்குத் தெரியும். வாய்விட்டுக் கேட்டேன்.

"தர மாட்டேன்டி. தந்தா நாளையிலருந்து என்னையக் கண்டாலும் ஒளிவ."

எனக்கு வந்த கோபம்! கல்நெஞ்சக்காரி, கடைக்காரர் மகள் புத்தி போகுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். நெத்தலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாய். பிறகு உங்கப்பாவைப் பற்றிச் சொன்னாய். கடன்பட்டவர்கள் முகம் கொடுக்காமல் கடையைச் சுற்றிக்கொண்டு போவதை அவர் கல்லாவிலிருந்து பார்த்தபடியே இருப்பாராம். நேரில் வந்து, இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும் என்பவர்களை ஒரு வார்த்தைகூடத் திட்டியதில்லையாம்.

மறுநாள் என் போனை விற்கவைத்தாய். அந்தக் காசில் இரண்டு போன் கடனும் தீர்ந்தன. உன் பழைய பட்டன் போன் என் கைக்கு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. சில்லறைக் கடைவரை என்னை இழுத்துப் போனவள் வாசலோடு நின்றுவிட்டாய்.

"நான் உள்ள வந்தா என்னைய நம்பித்தான் விடுவாங்க. ஒன்னைய நம்பணும். போ."

போனேன். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்நூறு தருகிறேன் என்றேன். கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வராமல் மட்டும் இருந்துவிடாதே என்றார்.

பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தேன். நாம் இருவரும் சேர்ந்தே சமைத்தோம். ஒரு நாள் பருப்பும் நெத்தலியும், மறுநாள் நெத்தலியும் பருப்பும். ஒரு வெள்ளியும் தவறவில்லை. மழை கொட்டினாலும் நீ வாசலில் நின்றாய். கடைசிக் காசைக் கொடுத்த அன்று அந்த அம்மா வாசலில் நின்ற உனக்கும் சேர்த்து இரண்டு பிளேன்டீ தந்தார்.

இப்போது நான் லுணுகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீட்டில் கடைக் கொப்பி இல்லை. எத்தனையோ பேர் எனக்கு எவ்வளவோ தந்திருக்கிறார்கள். ஆனால் அன்று நீ தராமல் விட்டாயே, அதற்குத்தான் நன்றி சொல்லி முடியவில்லை.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. பதுளை பஸ் ஸ்டாண்டில் கடைசியாகச் சந்தித்தபோது காய்ச்சல் என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போக, ஆட்டோவுக்கு என்னிடம் முந்நூறு ரூபாய் வாங்கினாய். ஐந்து சதம் கடன் வாங்காதவளுக்கு வந்த கதியைப் பார் என்று கேலி செய்தேன். "வெள்ளிக்கிழம வந்து தாரேன்டி" என்றாய். வியாழக்கிழமையே செய்தி வந்துவிட்டது.

சாவு வீட்டில் அழுகையோடு அதை உளறிவிட்டேன் போல. சில நாள் கழித்துக் கடைக்குப் போனபோது உங்கப்பா கல்லாவைத் திறந்து முந்நூறை நீட்டினார். "வேணாம்ப்பா, அது அவ தர வேண்டியது" என்று வந்துவிட்டேன்.

இன்றும் வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டதும் என் கண் வாசலுக்குத்தான் போகிறது. அடியே, கடைக்காரர் மகளே, காசு இல்லாவிட்டால் பரவாயில்லை. சுற்றிக்கொண்டு மட்டும் போகாதே. வந்து நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.